சூரிய வெடிப்புச் செய்தி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்: வட ஒளிக்கும் மின்தடைக்கும் ஒரு வழிகாட்டி

"சூரியனில் பயங்கர வெடிப்பு, பூமியை நோக்கி வருகிறது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால் எனக்கு இரண்டு விதமான கேள்விகள் வரும். இன்றைக்கு ராத்திரி வட ஒளி, அதாவது அரோரா தெரியுமா, எங்கே போனால் பார்க்கலாம் என்பது ஒன்று. கரன்ட் போய்விடுமா, நெட் நின்றுவிடுமா என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் வானத்தில் பச்சையாக ஆடுவதற்கும் மின்கம்பிகளில் வேண்டாத மின்சாரம் ஓடுவதற்கும் காரணம் ஒரே புயல்தான். ஆனால் பதிலை வெடிப்பின் அளவில் தேடினால் கிடைக்காது, செய்திகளோ பெரும்பாலும் அதை மட்டும்தான் சொல்கின்றன. அதற்குப் பிறகு வருகிற இரண்டு விஷயங்களைப் பார்க்கப் பழகிவிட்டால் அரோரா தெரிகிற இரவு எது, சும்மா போர்த்திக்கொண்டு தூங்க வேண்டிய இரவு எது என்று நீங்களே சொல்லிவிடலாம். நான் இருப்பது டொராண்டோ பக்கம், அதனால் உதாரணங்கள் கொஞ்சம் கனடா பக்கமாகச் சாயும். லண்டனோ ஒஸ்லோவோ, முறை ஒன்றுதான்.

வெடிப்பு வேறு, மேகம் வேறு

சூரிய வெடிப்பு, அதாவது சோலார் ஃப்ளேர் என்பது ஒளி. எக்ஸ் கதிரும் புறஊதாக் கதிரும் திடீரென்று பீறிட்டு வரும். 8 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவு நேரத்தில் பூமியைத் தொட்டுவிடும். செய்தி உங்கள் கைக்கு வரும்போது அது வந்து போயே இருக்கும். ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகை பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் முந்தையதைப் போல 10 மடங்கு. எக்ஸ் வகை வெடிப்பு வந்தால் பூமியின் பகல் பக்கத்தில் சிற்றலை ரேடியோ கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்ளும், கடலுக்கு மேலே பறக்கும் விமானங்களும் ஹாம் ரேடியோக்காரர்களும் அதை உடனே உணர்வார்கள். உங்கள் வீட்டுக் கரன்ட்டை அது தொடாது. அரோராவையும் அது தராது.

இந்த இரண்டையும் செய்வது சி.எம்.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மேகம். சூரியனின் வெளி வளிமண்டலத்திலிருந்து நூறு கோடி டன் கணக்கில் மின்னேற்றம் கொண்ட துகள்கள் கிளம்பி, சூரியனின் காந்தப்புலத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். பல பெரிய வெடிப்புகளோடு இது சேர்ந்து வரும், சில வெடிப்புகளோடு வராது, வெடிப்பே இல்லாமலும் சில நேரம் கிளம்பும். பூமிக்கு வர வழக்கமாக 1 முதல் 3 நாள் பிடிக்கும். 1859 செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் கண்ணால் பார்த்த அந்தப் பேர்பெற்ற வெடிப்புக்குப் பிறகு மேகம் 17 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேயே வந்து சேர்ந்தது. அது அபூர்வம். பொதுவாக உங்களுக்கு டிக்கெட் போடவும் கம்பளி எடுத்து வைக்கவும் நேரம் இருக்கும்.

வெடிப்பின் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு 2024 அக்டோபரைவிட நல்ல உதாரணம் இல்லை. அக்டோபர் 3-ஆம் தேதி எக்ஸ் 9.0 அளவில் ஒரு வெடிப்பு, அந்தச் சூரியச் சுழற்சியில் (சூரியனின் சுறுசுறுப்பு ஏறி இறங்கும் சுமார் 11 வருடச் சுற்று) அதுவரை பதிவானதிலேயே பெரியது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அதன் மேகம் வந்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் எக்ஸ் 1.8 என்று அதைவிட எத்தனையோ சிறிய ஒரு வெடிப்பு, ஆனால் அதன் மேகம் நேராகப் பூமியைப் பார்த்துக் கிளம்பியது. அக்டோபர் 10 இரவு ஜி4 அளவுப் புயல் (ஐந்து படிகளில் நான்காவது), ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சாதாரணமாக அரோராவே எட்டிப் பார்க்காத ஊர்களில் வானம் சிவந்தது. முதல் செய்தியைப் பார்த்து வெளியே போய் ஏமாந்து, "இதெல்லாம் சும்மா" என்று இரண்டாவதற்குப் போகாமல் இருந்தவர்கள் பாவம்.

அதனால் வெடிப்புச் செய்தி வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, அது சூரிய வட்டத்தில் எந்த இடத்தில் நடந்தது என்பது. நடுவில் அல்லது நடுவுக்குப் பக்கத்தில் என்றால் மேகம் நம் பக்கம் வர வாய்ப்பு அதிகம். விளிம்பில் என்றால் பெரும்பாலும் ஓரமாகப் போய்விடும். 2024 மே 14-ஆம் தேதி எக்ஸ் 8.7 வெடிப்பு அப்படித்தான் வீணாகப் போனது, அதற்கு நான்கு நாள் முன்பு பெரும்புயலைத் தந்த அதே சூரியப்புள்ளிக் கூட்டம் அதற்குள் மேற்கு விளிம்புக்குச் சுழன்று போயிருந்தது.

எண்களைப் படிப்பது

அடுத்து அமெரிக்காவின் நோவா அமைப்பு நடத்தும் விண்வெளி வானிலை மையத்தின் பக்கத்தைத் திறந்து வையுங்கள். கொலராடோவில் போல்டர் என்ற ஊரில் இருக்கிறது, உலகத்தில் பாதி அரோரா ஆப்கள் இவர்கள் தரவைத்தான் எடுத்துக் காட்டுகின்றன, ஆகவே நேராக இங்கேயே போய்விடுவது நல்லது. பிரிட்டனின் வானிலை அலுவலகமும் கனடாவின் விண்வெளி வானிலை மையமும் தனியாக முன்னறிவிப்பு தருகின்றன. இவற்றில் ஜி1 முதல் ஜி5 வரை புயலின் அளவு இருக்கும். கே.பி. என்று 0 முதல் 9 வரை ஒரு குறியீட்டெண்ணும் இருக்கும், கே.பி. 5 என்றால் ஜி1, கே.பி. 9 என்றால் ஜி5.

கே.பி.யைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அது உலகம் முழுவதுக்குமான, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படும் எண். இரண்டு நாள் முன்னால் திட்டம் போட உதவும். வாசலில் நின்றுகொண்டு "இப்போது தெரியுமா" என்று கேட்டால் அதற்கு அது பயன்படாது, வானத்தில் ஆட்டம் முடிந்த பிறகு எண் ஏறும்.

அந்த நேரத்துக்கு வேண்டியது பி-இசட் என்கிற எண். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் எல்1 என்ற புள்ளியைச் சுற்றி ஏஸ் போன்ற விண்கலங்கள் நிற்கின்றன. மேகம் பூமிக்கு வருவதற்கு முன் இவற்றின் மேல்தான் முதலில் மோதும். அப்போது மேகத்தின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அளந்து அனுப்பும். வடக்குப் பக்கம் இருந்தால் எண் பிளஸ், பூமியின் காந்தப்புலம் அதைத் தள்ளி விட்டுவிடும், மேகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. தெற்குப் பக்கம் இருந்தால் மைனஸ், அப்போது இரண்டு புலங்களும் பின்னிக்கொண்டு ஆற்றல் உள்ளே கொட்டும். சூரியனைப் பார்த்து இந்தத் திசையை முன்கூட்டியே நம்பகமாகச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை, அதனால்தான் நிபுணர்களின் முன்னறிவிப்பும் அடிக்கடி தவறுகிறது. எல்1-இல் அளந்த பிறகு கிடைக்கும் அவகாசம் 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்.

நடைமுறையில் எப்படிப் பார்ப்பது என்றால், பி-இசட் மைனஸ் 5-க்குக் கீழே போய் அரை மணி நேரமாவது அங்கேயே நின்றால் வடக்கே இருப்பவர்கள் ஜாக்கெட் போடலாம். மைனஸ் 10-க்குக் கீழே, சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டம்) வேகமும் நொடிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் என்றால் டொராண்டோ, லண்டன் மாதிரியான ஊர்க்காரர்களும் காரைக் கிளப்பலாம். மைனஸ் 20 என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். 2024 மே 10 புயலில் அது மைனஸ் 50 பக்கம் போனது. எண் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருந்தால் காத்திருங்கள், ஒரே மேகத்துக்குள்ளேயே திசை மாறும், நள்ளிரவில் பிளஸ்ஸாக இருப்பது 2 மணிக்கு மைனஸாகத் திரும்பலாம்.

எங்கே, எப்போது

புயல் வரும் நாளுக்காக ஊரிலேயே காத்திருப்பது ஒரு வழி, அரோரா தினமும் வரும் இடத்துக்கே போவது இன்னொரு வழி. இரண்டாவதற்குப் புயலே தேவையில்லை. நார்வேயில் ட்ரோம்சோ, ஸ்வீடனில் அபிஸ்கோ, பின்லாந்தின் லாப்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ், கனடாவில் எல்லோநைஃப் எல்லாம் அரோரா வளையத்துக்கு (காந்த துருவத்தைச் சுற்றி அரோரா வழக்கமாக வரும் வட்டம்) கீழேயோ பக்கத்திலேயோ இருப்பவை, கே.பி. 1, 2 இருந்தாலே வானம் தெளிவாக இருந்தால் ஏதாவது தெரியும். அங்கே எதிரி மேகமூட்டம்தான். ட்ரோம்சோ கடலோர ஊர், மழையும் பனியும் அடிக்கடி வரும். உள்ளூர் ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால் ஊரில் உட்காராமல் மலைக்குப் பின்னால் ஷிபோத்ன் பக்கம், தேவைப்பட்டால் பின்லாந்து எல்லை தாண்டி கில்பிஸ்யார்வி வரைக்கும்கூட ஓட்டிக்கொண்டு போவார்கள், மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் அங்கே வானம் பெரும்பாலும் திறந்திருக்கும். அபிஸ்கோவும் அதே காரணத்தால்தான் பேர் வாங்கியது. எல்லோநைஃப் கடலிலிருந்து வெகுதூரம், வறண்ட குளிர், தெளிவான இரவுகள் நிறைய. எனக்குப் பிடித்தது எல்லோநைஃப்தான், குளிரைத் தாங்க முடிந்தால்.

80-களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள், இன்னும் அந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அப்படி உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது இருந்தால் டூர் கம்பெனியைவிட அவர்களைக் கேட்பது மேல், எந்தச் சாலையில் எங்கே வண்டியை நிறுத்தலாம் என்பது உட்பட அவர்களுக்குத் தெரியும்.

காலம் செப்டம்பரிலிருந்து மார்ச் கடைசி வரை. கோடையில் போய்விடாதீர்கள், நள்ளிரவிலும் இருட்டே வராது. மார்ச்சும் செப்டம்பர், அக்டோபரும் கொஞ்சம் விசேஷம், சம இரவு நாட்களையொட்டிப் பூமியின் சாய்மானம் மைனஸ் பி-இசட்டுக்குச் சாதகமாக அமைவதால் புயல்கள் அதிகம். குறைந்தது 3 இரவாவது தங்குங்கள், ஒரே இரவுக்குப் போவது லாட்டரி. அமாவாசையை ஒட்டிப் போனால் நல்லது, ஆனால் நிலா இருக்கிறதே என்று பயணத்தை ரத்து செய்ய வேண்டாம், நல்ல அரோரா நிலவொளியிலும் தெரியும், பனிமலையும் சேர்ந்து படத்தில் விழும்.

ஊரிலிருந்தே பார்ப்பவர்களுக்கு முக்கியம் வடக்குத் தொடுவானம். டொராண்டோக்காரர்கள் பழக்கதோஷத்தில் ஒண்டாரியோ ஏரிக்கரைக்கு ஓடுவார்கள். ஏரி தெற்கே இருக்கிறது, வடக்கே திரும்பினால் நகரத்தின் மொத்த வெளிச்சமும் முகத்தில் அடிக்கும். அதற்குப் பதிலாக மேலே போய் சிம்கோ ஏரியின் தென்கரையில் நின்றால் வடக்கே தண்ணீரும் வானமும்தான். இன்னும் தள்ளிப் போக முடிந்தால் மஸ்கோகாவில் டோரன்ஸ் பேரன்ஸ், அது இருள்வானக் காப்பகமாகவே அறிவிக்கப்பட்ட இடம். லண்டனில் இருப்பவர்களுக்கு நார்ஃபோக்கின் வடக்குக் கடற்கரை அப்படி. ஸ்காட்லாந்தில் மோரே கடற்கரை இன்னும் நல்லது. ஒன்று கவனியுங்கள், வரைபடத்தில் டொராண்டோ லண்டனைவிட எவ்வளவோ தெற்கே இருக்கிறது, ஆனாலும் அரோராவில் அது லண்டனுக்குக் குறைந்ததில்லை, ஏனென்றால் பூமியின் காந்த துருவம் கனடா பக்கமாகச் சாய்ந்திருப்பதால் காந்தக் கணக்கில் டொராண்டோ வடக்கே ஏறிவிடுகிறது.

அங்கே போய் நின்ற பிறகு

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். நடுவில் ஒருமுறை போனைப் பளிச்சென்று திறந்தால் மறுபடி முதலிலிருந்து. திரையின் வெளிச்சத்தைக் கடைசி வரை குறையுங்கள், டார்ச் வேண்டுமென்றால் சிவப்பு வெளிச்சம். கார் ஹெட்லைட்டை அணையுங்கள், பக்கத்தில் நிற்பவர்களும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார்கள்.

படத்தில் பார்த்த பச்சைத் திரை உடனே தொங்கும் என்று எதிர்பார்த்தால் கண்ணெதிரே இருக்கும் அரோராவையே கவனிக்காமல் விட்டுவிடுவீர்கள். முதலில் அது வடக்கே தாழ்வாக, கிழக்கிலிருந்து மேற்கே வளைந்த ஒரு சாம்பல் பட்டையாகத்தான் தெரியும். மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, அதனால் மேகம் என்றே தோன்றும். அதன் ஊடாக நட்சத்திரம் தெரிகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் போனில் நைட் மோடில் ஒரு படம் எடுங்கள், பச்சையாக விழுந்தால் அரோரா, வெளுப்பாகவோ ஆரஞ்சாகவோ விழுந்தால் மேகம். கொஞ்ச நேரத்தில் பட்டையின் கீழ் விளிம்பு கூர்மையாகும், செங்குத்தாகக் கோடுகள் எழும், கோடுகள் பக்கவாட்டில் நகரும். அப்புறம் திடீரென்று வெளிச்சம் ஏறி, கீழ் ஓரத்தில் இளஞ்சிவப்பு ஓடி, மொத்தமும் தலைக்கு மேல் வந்து சிதறும். இது சில நிமிடம்தான் நீடிக்கும், அப்போது நிறம் கண்ணுக்கே தெரியும். பிறகு வானம் முழுக்கத் திட்டுத் திட்டாக அணைந்து எரியும். இதோடு முடிந்தது என்று பெரும்பாலானவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஒன்று இரண்டு மணி நேரத்தில் பட்டை மறுபடி வடக்கே உருவாகி இதே ஆட்டம் திரும்ப வரலாம், அதனால் இரவு 10-லிருந்து 2 வரை இருக்க முடிந்தால் இருங்கள்.

பச்சை என்பது 100 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் அணுக்கள் உமிழ்வது. சிவப்பும் ஆக்சிஜன்தான், ஆனால் 200 கிலோமீட்டருக்கும் மேலே. தெற்கே இருக்கிற ஊர்களில் பச்சைப் பகுதி பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்துபோய் உயரத்தில் இருக்கும் சிவப்பு மட்டும் தெரிவது அதனால்தான். பெரும்புயல் இரவில் வடக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், 2024 மே மாதம் தென் ஒண்டாரியோவிலும் இங்கிலாந்திலும் தலைக்கு நேர் மேலே கதிர்கள் வந்து குவிந்தன.

படம் எடுக்க இப்போதைய போனே போதும், ஆனால் முக்காலி வேண்டும். கையில் பிடித்தால் 3 நொடி, முக்காலியில் வைத்தால் 10 நொடிக்கு மேலும் போகும். கேமரா என்றால் அகலக் கோண லென்ஸ், எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600, 8 நொடியில் தொடங்குங்கள். அரோரா வேகமாக ஆடும்போது 2 நொடிக்குக் குறைத்து ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் கதிர்கள் எல்லாம் கரைந்து பச்சைக் கஞ்சியாகிவிடும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி அது புள்ளியாகும் வரை கையால் திருப்புங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். மைனஸ் 20-இல் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், மாற்று பேட்டரியையும் போனையும் உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். வேலை முடிந்து அறைக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள், அப்படியே உள்ளே கொண்டுபோனால் லென்ஸ் முழுக்கத் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோநைஃபிலும் ஃபேர்பேங்க்ஸிலும் ஜனவரி இரவு மைனஸ் 30 சாதாரணம், நடப்பதற்கும் அசையாமல் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம். பருத்தி பனியன் வியர்வையை வைத்துக்கொண்டு குளிர வைக்கும், உள்ளே கம்பளி போடுங்கள். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும், இறுக்கமான பூட்ஸில் இரண்டு சாக்ஸ் திணித்தால் கால் விரலுக்கு ரத்தம் போகாது. குழந்தைகளை அழைத்துப் போனால் அவர்கள் "போதும்" என்று சொன்ன உடனே காருக்குள் ஏற்றுங்கள், இன்னும் ஐந்து நிமிடம் என்று இழுக்காதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு

அங்கிருந்து அரோரா தெரியாது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டித்தான் போகிறது, அரோராவிலிருந்து பூமியில் எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் தமிழ்நாடு இருக்கிறது. லடாக்கில் ஹான்லே வானாய்வகத்தின் கேமராக்கள் 2024 மே 10 இரவு வடக்குத் தொடுவானத்தில் ஒரு சிவப்பு ஒளியைப் பிடித்தன, இந்தியாவில் இருந்துகொண்டு ஆசைப்படலாம் என்றால் அந்த அளவுக்குத்தான். ஆனால் சூரியனைக் கவனிப்பதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்துவருகிறது. 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி கிளம்பி இப்போது அதே எல்1 புள்ளியைச் சுற்றிவரும் ஆதித்யா எல்1 திட்டத்தை இயக்கியவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. அது அளக்கும் காந்தப்புலமும் சூரியக் காற்றும் நான் மேலே சொன்ன அதே விஷயங்கள்தான்.

இனி கரன்ட்

1989 மார்ச் 13, கியூபெக். அதிகாலை 2 மணி 44 நிமிடம். மூன்று நாள் முன்பு சூரியனில் கிளம்பிய மேகம் வந்து சேர்ந்திருந்தது, அந்த இரவு ஃப்ளோரிடாவிலும் கியூபாவிலும்கூட அரோரா தெரிந்தது. ஜேம்ஸ் பே அணைகளிலிருந்து மாண்ட்ரியாலுக்கு 735 கிலோவோல்ட்டில் ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் ஓடும் மின்தடங்கள் இருக்கின்றனவே, அவற்றில் மின்னழுத்தத்தைச் சமன்செய்யும் 7 கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே அணைந்தன. அவை போனதும் தடங்கள் போயின, தடங்கள் போனதும் உற்பத்தியில் பெரும்பகுதி கழன்றது. ஏறத்தாழ 90 நொடியில் மாகாணம் முழுவதும் இருட்டு. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு எதையும் செய்ய நேரமே கிடைக்கவில்லை. 60 லட்சம் பேருக்கு 9 மணி நேரம் கரன்ட் இல்லை, கனடா மார்ச் குளிரில். காலையில் மாண்ட்ரியால் மெட்ரோ ஓடவில்லை.

நடந்தது இதுதான். அரோரா ஆடும்போது சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் லட்சக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அது ஏறி இறங்கும்போது தரையின் காந்தப்புலமும் ஏறி இறங்கும், அதனால் தரையில் கிலோமீட்டருக்கு ஓரிரு வோல்ட் உண்டாகும். கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் 1000 கிலோமீட்டர் கம்பிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கியூபெக்கின் அடியில் இருப்பது பழைய கடினப் பாறை, மின்சாரத்தை எளிதில் கடத்தாது, அதனால் அந்த மின்னோட்டம் கம்பி வழியைப் பிடித்துக்கொண்டது. டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் இணைப்பு வழியாக ஏறக்குறைய டி.சி. மாதிரி உள்ளே புகுந்தால் ஏ.சி.க்காகச் செய்த இரும்பு உள்ளகம் தாங்காது, சூடாகும், அலைவடிவம் கெடும், பாதுகாப்புக் கருவிகள் குழம்பி அணையும். அதே புயலில் அமெரிக்காவில் சேலம் அணுமின் நிலையத்தில் (நம் சேலம் இல்லை, நியூ ஜெர்சியில் இருப்பது) ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போனது. அந்த அளவு டிரான்ஸ்ஃபார்மரைக் கடையில் வாங்க முடியாது, செய்து முடிக்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். மின்வாரியங்கள் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான்.

அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. கியூபெக்கில் தடங்களில் தொடர் மின்தேக்கிகள் போட்டார்கள், பாதுகாப்பு அமைப்புகளை மாற்றினார்கள். இப்போது எச்சரிக்கை வந்ததும் பராமரிப்பு வேலைகளை நிறுத்தி, நீண்ட தடங்களில் சுமையைக் குறைத்துவிடுகிறார்கள். 2024 மே மாதம் 20 வருடத்துக்குப் பிறகு வந்த ஜி5 புயலில் நியூசிலாந்தின் மின்கடத்தல் நிறுவனம் சில தடங்களை முன்கூட்டியே அணைத்து வைத்தது. பெரிய மின்தடை எங்கும் வரவில்லை, நெட்டும் ஓடியது. அடிவாங்கியது ஜி.பி.எஸ்., அமெரிக்காவில் விதைக்கும் பருவத்தில் துல்லிய ஜி.பி.எஸ்.ஸை நம்பி ஓடும் டிராக்டர்களை விவசாயிகள் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. ஆகவே அடுத்த புயலில் "உலகம் இருண்டுவிடும்" என்று யாராவது அனுப்பினால் மே 2024-ஐ அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1859 அளவில் ஒன்று வந்தால் என்ன ஆகும் என்பதை இன்றைய கட்டமைப்பு இதுவரை சந்தித்ததில்லை.

வீட்டில் என்ன செய்வது? முதலில், உங்கள் டி.வி.யும் ஃப்ரிட்ஜும் சூரியப் புயலால் நேரடியாக எரியாது, வீட்டுக் கம்பி அதற்கு மிகவும் குட்டை. நீங்கள் தயாராக வேண்டியது சாதாரண நீண்ட மின்தடைக்கு. ஜி4, ஜி5 எச்சரிக்கை வந்தால் போன், பவர் பேங்க் எல்லாம் முழுக்க சார்ஜ் போடுங்கள், டார்ச்சுக்கு பேட்டரி பாருங்கள், அடுக்குமாடியில் மேல் மாடி என்றால் பம்பு நிற்கும், அதனால் தண்ணீர் பிடித்து வையுங்கள், கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும். காரில் பெட்ரோல் பாதிக்கு மேல், வழி தெரியாத ஊருக்கு அரோரா பார்க்கப் போகிறவர்கள் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போன்ற மருந்தோ மூச்சுக் கருவியோ வீட்டில் யாருக்காவது தேவை என்றால் அதற்கு மாற்று ஏற்பாட்டை இன்றைக்கே யோசியுங்கள், எச்சரிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். கூரையில் சோலார் போட்டிருப்பவர்கள் நமக்குக் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம், பேட்டரியும் அதற்கான இன்வெர்ட்டரும் இல்லாத சாதாரண கிரிட் இணைப்பு என்றால் ஊரில் கரன்ட் போனதும் அதுவும் தானே அணைந்துவிடும்.

குளிர் நாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து கதவை மூடிக்கொள்ளுங்கள், குளிர்கிறதே என்று கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளும் கராஜிலும் ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, பெரிய குளிர்கால மின்தடைகளில் இது ஆட்களைக் கொல்கிறது.

கரன்ட் போனதும் ஹீட்டர், மைக்ரோவேவ், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு ஒரே ஒரு விளக்கை மட்டும் ஆன் செய்து வையுங்கள், திரும்ப வந்தது அதில் தெரியும். வந்தவுடன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாமல் சில நிமிடம் விட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள், மின்னழுத்தம் முதலில் ஏறி இறங்கும். ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 2 நாள் வரை. ஃப்ரீசரில் இருக்கும் மீனிலும் இறைச்சியிலும் ஐஸ் துகள் இன்னும் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், முழுக்க இளகிச் சூடேறிவிட்டதென்றால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.